சுமை தூக்காத கைகள்

12.02.2024 ஆட்டோ, அரசு மருத்துவமனை வரை: ரூ. 250
26.02.2024 இரும்புக் கட்டில், பழையது: ரூ. 2,200
22.05.2024 முழங்காலுக்குப் பற்று: ரூ. 60
11.06.2024 கைப்பிடி இல்லாத மர நாற்காலி: ரூ. 650
05.08.2024 மணல், அரை மூட்டை: ரூ. 50
16.09.2024 சேலைக்கூலியில் பிடித்தம்: ரூ. 1,900
17.09.2024 நுரைக்கல், விளக்கெண்ணெய்: ரூ. 85
14.01.2025 செலவு இல்லை

பட்டு நெய்கிறவனின் உள்ளங்கை சொரசொரத்துப் போனால் பட்டு அவனை விட்டுவிடும். இழை தோலில் சிக்கும். மாம்பழ நிறத்துச் சேலையில் பூனைமுடி போலப் பிசிர் எழும். பிள்ளையார்பாளையத்துப் பஞ்சாட்சரத்தின் வீட்டில் இதை மூன்று தலைமுறையாக ஒரு சட்டம் போலவே வைத்திருந்தார்கள். தறியில் உட்காருகிறவன் குடம் தூக்கக் கூடாது, விறகு பிளக்கக் கூடாது, கயிறு இழுக்கக் கூடாது. மிதிப்பலகை இருக்கும் தறிக்குழியில் இறங்கி ஏற உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கும். அதில்கூடப் பழைய பட்டுத் துணியைச் சுற்றித்தான் வைத்திருந்தார்கள்.

1981இல் கிருஷ்ணம்மாள் மருமகளாக வந்த மறுநாளே மாமியார் சொல்லிவிட்டாள்: "அவன் கையில எதையும் குடுத்துடாதே. அந்தக் கைதான் நமக்குச் சோறு."

கிருஷ்ணம்மாள் கொடுக்கவில்லை. தெருக்குழாய்த் தண்ணீர், ரேஷன் அரிசி, காஸ் சிலிண்டர், பிறந்த பிள்ளை, பிற்பாடு படுக்கையில் விழுந்த மாமியார், எல்லாவற்றையும் அவளே தூக்கினாள். சிலிண்டரை இடுப்பில் சாய்த்து, குழந்தையை உருட்டுவது போல உருட்டி உள்ளே கொண்டுவருவாள். "அந்த வீட்டுல ஆம்பளை கிருஷ்ணம்மாதான்" என்று தெருவில் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவனின் உள்ளங்கையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பது அவள் பழக்கம். வழவழப்பாக இருந்தால் "ம்" என்பாள்.

அவள் குழாயடியில் சாய்ந்தது மாசி பிறப்பதற்கு முந்தின நாள் காலையில். நிறைந்த குடம் உருண்டு போயிற்று. பஞ்சாட்சரம் ஓடிவந்து தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அசையவில்லை. நாற்பத்து மூன்று வருடம் கூடவே இருந்த மனைவியின் எடை அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. எதிர்வீட்டு ஆட்கள் வந்து ஆட்டோவில் ஏற்றினார்கள்.

இரண்டு வாரம் கழித்து வீடு திரும்பியபோது பக்கவாதத்தில் கிருஷ்ணம்மாளின் வலது கையும் வலது காலும் செயலற்றுப் போயிருந்தன. பேச்சும் போயிருந்தது. மிஞ்சியது ஒரே ஒரு சொல். பஞ்சாட்சரம் தூக்குவதற்குக் குனியும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்துச் சொல்வாள்:

"கை."

பக்கத்து வீட்டுக் கமலவேணி காலையிலும் மாலையிலும் வந்து கழுவி, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போவாள். அவளுக்கும் ஒரு தறியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. "ஒரு ஆளு தூக்கற உடம்பு இல்ல மாமா இது. நான் இல்லாத நேரம் நீங்க தொடாதீங்க" என்று எச்சரித்திருந்தாள்.

வைகாசி கருட சேவையன்று தெருவில் ஆளே இல்லை. விடிவதற்கு முன்பே எல்லாரும் சின்ன காஞ்சிபுரம் பக்கம் போய்விட்டார்கள். கமலவேணியும் பிள்ளைகளோடு போயிருந்தாள். கிருஷ்ணம்மாள் கட்டிலில் நெளிந்தாள். அவளுக்கு வெளியே போக வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. அவர் அவள் அக்குளுக்குள் கைகொடுத்து இழுத்தார். அவள் பாதி எழுந்தாள். அவர் முழங்கால் மடிந்தது. இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள், அவள் அவர் தொடைக்கு மேலாக.

அவர் கத்தினார். தூரத்தில் அதிர்வேட்டும் மேளமும் கேட்டுக்கொண்டிருந்தன. தறிக்குழிக்கு மேலே கயிறு தொங்கியது. அதை எட்டினால் எழுந்துவிடலாம். உடம்பை இழுத்துப் பார்த்தார், கால் கேட்கவில்லை. அவளுடைய சிறுநீர் இரண்டு பேருக்கும் அடியில் சூடாகப் பரவிக் கொஞ்ச நேரத்தில் குளிர்ந்தது. அவள் கண்ணை மூடவில்லை. ஓட்டுக்கூரையைப் பார்த்தபடியே கிடந்தாள். இரண்டு பேருக்கும் ஒன்றாக முடிந்துபோனால் தேவலை என்று பஞ்சாட்சரம் அப்போது நினைத்தார். நினைத்ததைப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

வெயில் முற்றத்துக்கு வந்த பிறகுதான் கமலவேணி திரும்பினாள். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. கொல்லைப்புறச் சுவரேறி ஆட்கள் வந்து தூக்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து மகன் கலைவாணன் வந்தான். தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை, வாடகை வீடு மூன்றாவது மாடியில், மாடிப்படி மட்டும்தான். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பாதத்தைப் பிடித்துவிட்டான். பிறகு முற்றத்துக்கு வந்தான்.

"செங்கல்பட்டுகிட்ட ஒரு இல்லம் இருக்குதுபா. பொம்பளைங்களுக்கு மட்டும். நர்சுங்க இருக்கறாங்க. எழுதிப் போட்டுட்டேன். எடம் காலியானா லெட்டர் போடுவாங்களாம்."

"நானு?"

"நீ என்கூட வந்துடு."

"தறி இல்லாத ஊர்ல நான் இன்னாபா பண்றது? அவள அங்க உட்டுட்டு மாடியில குந்திக்கினு ரோட்டப் பாக்கறதா?"

"உன்னால அம்மாவத் தூக்க முடியுமா? அத மட்டும் சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்."

பஞ்சாட்சரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"பொங்கலுக்கு வரேன்" என்றான் கலைவாணன். "அன்னிக்கு நீ ஒருத்தனா அம்மாவக் கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாத்திக் காட்டு. நானே வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். முடியலன்னா அனுப்பிடணும். சண்டை போடக்கூடாது."

"அதுக்கு முன்னாடியே லெட்டர் வந்துட்டா?"

"வந்துட்டா, அன்னிக்கே முடிஞ்சிதுபா. அவங்க காத்துக்கினு இருக்க மாட்டாங்க."

அன்று முதல் தபால்காரரின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டால் பஞ்சாட்சரத்தின் காலடியில் தறி நின்றுவிடும்.

செவ்வாய்க்கிழமைதோறும் வீடுவீடாகப் போய் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஷாரோன் வருவாள். கூரம் பக்கத்துப் பெண், பிசியோதெரபி படித்தவள். கழுத்தில் சிலுவை, காலில் பெரிய ஷூ. நடந்ததைக் கமலவேணி சொல்லிக் கேட்டவள், வந்ததும் கட்டில் பக்கம் போகவில்லை.

"அம்மாவ அப்புறம் பாக்கறேன். மொதல்ல நீங்க எழுந்திருங்க ஐயா."

"எனக்கு இன்னாமா? நான் நல்லாத்தான் இருக்கறேன்."

"கைய மார்ல கட்டிக்கோங்க. எதையும் பிடிக்காம அந்த நாற்காலிலேர்ந்து எழுந்திருங்க."

அது அவள் கமலவேணியிடம் சொல்லியனுப்பி அன்று காலை வாங்கிய கைப்பிடி இல்லாத மர நாற்காலி. பஞ்சாட்சரம் முன்னால் சாய்ந்தார். பின்னால் சாய்ந்தார். இடுப்பு பலகையை விட்டுக் கிளம்பவில்லை.

"அம்பது வருஷத்துக்கு மேல மிதிச்ச காலும்மா இது" என்றார், வியர்த்தபடி.

"பாதம்தான் மிதிச்சிது. தொடை உக்காந்துக்கினு வேடிக்கை பாத்துச்சு. சரி, குழிலேர்ந்து மேல எப்படி வருவீங்க?"

அவர் கயிற்றைக் காட்டினார். ஷாரோன் அதில் சுற்றியிருந்த பட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"கயித்துக்கே பட்டுச் சட்டை. காலுக்குத்தான் யாரும் ஒண்ணும் பண்ணல."

கட்டிலிலிருந்து "கை" என்று கேட்டது.

"கையும் நல்லா இருக்குதும்மா. அதையும் பாத்துக்கலாம்" என்றாள் ஷாரோன் அந்தப் பக்கம் திரும்பி.

அவள் சொல்லிக்கொடுத்தவை எளியவை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, முதலில் தலையணை வைத்து உயரமாக, பிறகு தலையணை இல்லாமல். தறியின் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. ஒற்றைக் காலில் நிற்பது. பாயில் படுத்து, பக்கவாட்டில் புரண்டு, முழங்கால் ஊன்றி, ஒரு பாதத்தை முன்னால் வைத்து எழுவது. "விழாம இருக்கறது பாதி ஐயா. விழுந்தா எழுந்திருக்கத் தெரியறது மீதி. தினம் செய்யணும். மனசு நல்லா இருக்கற அன்னிக்கு மட்டும் செஞ்சா புண்ணியமில்ல."

அவர் செய்யவில்லை. அவள் கேட்டபோது செய்ததாகச் சொன்னார்.

"பொய் சொல்றீங்க ஐயா. நாற்காலி மேல மடிச்ச துணி இவ்ளோ ஒசரம் இருக்குது. துணி மேலயா உக்காந்தீங்க?"

"அவ படுத்துக் கெடக்கறா. நான் பயில்வான் மாதிரி உக்காந்து எழுந்துக்கினு இருந்தா தெரு சிரிக்கும்மா."

"தெரு வந்து அம்மாவத் தூக்குதா?"

அவர் தறிக்குழிக்குள் இறங்கிக்கொண்டார். ஆனால் ஆடி மாதத்தில் இல்லத்திலிருந்து முதல் கடிதம் வந்தது. விண்ணப்பம் பதிவாகிவிட்டது, முறை வரும்போது தெரிவிப்போம் என்று இரண்டே வரி. அதைக் கமலவேணிதான் படித்துச் சொன்னாள். பஞ்சாட்சரம் எழுந்துபோய் நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்துத் தரையில் வைத்தார்.

முதல் நாட்களில் பயிற்சி முடிந்ததும் அழுகை வரும். எதற்கு என்று தெரியாது. தொடை நடுங்கும், தறிக்குழியில் இறங்கினால் மிதி தப்பும். கிருஷ்ணம்மாள் தலையைத் திருப்பிக்கொண்டு பார்க்கவே மாட்டாள். ஆனாலும் ஏதோ ஒன்று மாறிக்கொண்டு வந்தது. பிப்ரவரியிலிருந்து வராத தூக்கம் விட்டுவிட்டு வந்தது. காலையில் பசித்தது. முன்பெல்லாம் அவள் படுக்கையை நனைத்துவிட்டால் அவர் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கமலவேணி வரும்வரை முகத்தை மூடிக்கொண்டிருப்பார். இப்போதும் அழுதார். அழுதுகொண்டே துணியை உருவி, வாளியில் போட்டு, அவளைப் புரட்டித் துடைத்துவிட்டார். துக்கம் போய்விட்டதா என்று ஷாரோன் கேட்டதற்கு, "அது எங்கம்மா போவுது, அங்கதான் இருக்குது. நான்தான் அது பக்கத்துலயே குந்திக்கினு இல்ல" என்றார்.

இந்த இடத்தில்தான் அவர் ஒரு தப்புச் செய்தார். ஷாரோன் இன்னும் தூக்கச் சொல்லவில்லை. பொங்கல் வருகிறதே என்ற பதைப்பு அவருக்கு. அரை மூட்டை மணல் வாங்கி, சாக்கின் வாயைக் கயிற்றால் கட்டி, யாரும் பார்க்காத மத்தியானத்தில் அதைக் கைகளால் தூக்கிப் பழகினார். வாழ்நாள் முழுவதும் கைகளைக் காப்பாற்றியவருக்குத் தூக்குவது என்றால் கையால் இழுப்பதுதான் என்று தோன்றியது. வேறு வழி இருக்கும் என்று அவர் யோசிக்கவே இல்லை. எதிர்வீட்டு ஆள் ஒருநாள் எட்டிப் பார்த்து, "இன்னா முதலியாரே, மார்க்கெட்ல மூட்டை தூக்கப் போறீங்களா, ஆளு கெடைக்கலன்னு சொன்னாங்க" என்று கேலி செய்தார். பஞ்சாட்சரம் சிரித்தார். தோளில் பலம் ஏறுவது சந்தோஷமாக இருந்தது. உள்ளங்கையில் விரல்களின் அடியில் காய்ப்பு ஏறியதை அவர் கவனிக்கவில்லை. கிருஷ்ணம்மாள் கவனித்தாள். இடது கையால் அவர் கையைப் பிடித்து, கட்டைவிரலால் தடவினாள். முகம் கோணியது.

"கை" என்றாள். "கை. கை."

"ஒண்ணுமில்லடி. எல்லாம் உனக்குத்தான்."

புரட்டாசி பிறப்பதற்கு முந்தின நாள், முடித்த சேலையை முதலாளி இளங்கோவன் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். நல்ல மனிதர், இருபது வருடப் பழக்கம். சேலையின் மேல் கையை நீளமாக ஓட்டினார். பிறகு மறுபடியும்.

"பஞ்சாட்சரம், உன் சேலைல நான் பிசிரு பாத்ததே இல்லையேப்பா. கையக் காட்டு."

காட்டினார். இளங்கோவன் வேறு பக்கம் பார்த்தார். "கூலியில கொஞ்சம் பிடிச்சுக்கறேன். தப்பா நெனச்சுக்காத. அடுத்த சேலைக்குப் பாவு நூலு... கை சரியாவட்டும், அப்புறம் பாப்போம்."

அன்று வீட்டுக்கு வந்தவர் தறிக்குழியில் இறங்காமல் கட்டிலின் அருகில் தரையில் உட்கார்ந்தார். தூக்கினால் தறி போகும். தறி போனால் சோறு போகும், அப்புறம் மகனிடம் வாதாட என்ன இருக்கிறது? தூக்காவிட்டால் அவள் போவாள். இரண்டு பக்கமும் அடைத்த சந்தில் நின்ற மாதிரி இருந்தது. அவளைத் துடைத்துவிடக் குனிந்தபோது கிருஷ்ணம்மாள் உடம்பை விறைத்துக்கொண்டாள். இருக்கிற ஒரே கையால் அவர் மார்பைத் தள்ளினாள். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. நீ தூக்கவே வேண்டாம், நான் போய்விடுகிறேன் என்று அவள் சொல்வது அவருக்குச் சொல் இல்லாமலே கேட்டது. அன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து எழவில்லை. சோறும் பொங்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஷாரோன் மணல் சாக்கைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள், கட்டிலையும் பார்த்தாள்.

"யாரு ஐயா உங்களக் கையால தூக்கச் சொன்னது?"

"கையால தூக்காம வாயாலயா தூக்குவாங்க?"

"காலால. நான் மூணு மாசமா உங்க காலத்தானே கேட்டுக்கினு இருக்கறேன். கொஞ்சம் கேட்டிருக்கலாம் இல்ல?"

அவருடைய பழைய வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினாள். அகலமாக மடித்து, கிருஷ்ணம்மாளின் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கட்டிலின் ஓரத்தில் அவளை உட்கார வைத்து, அவள் பாதங்களைத் தரையில் ஊன்றி, தன் முழங்காலை அவளுடைய செயலற்ற முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தாள். வேட்டிக்குள் இரண்டு முன்கைகளையும் மணிக்கட்டுக்கு மேலே வரை நுழைத்தாள். உள்ளங்கை எதையும் பிடிக்கவில்லை. முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினாள். மூன்றாவது ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள், நின்றாள், திரும்பினாள், நாற்காலியில் இறங்கினாள். ஷாரோன் கிருஷ்ணம்மாளின் தோள் உயரம்கூட இல்லை.

"அம்மாவுக்கு எடது கால் இருக்குது. அது பாதி வேலை செய்யும். நீங்க மூட்டை மாதிரி தூக்கினதால அதுக்கு வேலையே குடுக்கல. நீங்க நாற்காலிலேர்ந்து எழுந்திருக்கற அதே எழுச்சிதான் ஐயா. கூட ஒருத்தர் வராங்க, அவ்ளோதான்."

போகும்போது நுரைக்கல்லும் விளக்கெண்ணெயும் வாங்கச் சொன்னாள். "காய்ப்பு எறங்கிடும். ஒடனே இல்ல."

உடனே இல்லைதான். ஐப்பசி மழை பெய்தது, தறி சும்மா கிடந்தது. இரவில் கையைத் தேய்த்தார், காலையில் காலைப் பழக்கினார். கமலவேணியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஷாரோன் காட்டியபடி கிருஷ்ணம்மாளை எழுப்பப் பார்த்தார். பல நாள் எழவில்லை. ஒருநாள் பாதி வழியில் மறுபடி விழுந்தார்கள். இந்த முறை பஞ்சாட்சரம் பக்கவாட்டில் புரண்டார், முழங்கால் ஊன்றினார், ஒரு பாதத்தை முன்னால் வைத்து, கயிறு இல்லாமல் எழுந்து நின்றார். நின்ற பிறகுதான் எழுந்துவிட்டது அவருக்கே தெரிந்தது. கட்டிலில் சாய்ந்து மூச்சு வாங்கினார். கமலவேணி ஓடிவந்து, "இன்னா மாமா, விழுந்துட்டு சிரிக்கறீங்க" என்றாள்.

கார்த்திகையில் காய்ப்பு உதிர்ந்தது. அதே மாதம் இரண்டாவது கடிதமும் வந்தது: உங்கள் முறை நெருங்குகிறது, தயாராக இருக்கவும். இளங்கோவன் ஒரு பாவு கொடுத்தார், எளிய கரை, குறைந்த கூலி. மார்கழிக் குளிரில் பஞ்சாட்சரத்தின் வலது முழங்கால் வீங்கியது. ஷாரோன் உட்கார்ந்து எழுவதைக் குறைக்கச் சொன்னாள், நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் தபால் வண்டிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார். கடிதம் வரவில்லை.

பொங்கலன்று கலைவாணன் வந்து முற்றத்தில் நின்றான். பஞ்சாட்சரம் வேட்டியை அவள் இடுப்பில் கட்டினார். முதல் ஆட்டத்திலும் இரண்டாவதிலும் அவள் அசையவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கலைவாணன் ஓரடி முன்னால் வந்தான்.

"நில்லுபா" என்றார் பஞ்சாட்சரம், திரும்பாமல்.

மூன்றாவது ஆட்டத்தில் கிருஷ்ணம்மாள் எழுந்தாள். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி நின்றார்கள், நடுங்கினார்கள், மெல்லத் திரும்பினார்கள். அவள் நாற்காலியில் இறங்கியதும் இடது கையால் அவர் கையைப் பிடித்தாள். கட்டைவிரலால் உள்ளங்கையைத் தடவினாள், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை.

"ம்" என்றாள்.

கலைவாணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "இன்னிக்குத் தூக்கற. எழுபத்தஞ்சு வயசுல இன்னா பண்ணுவ?"

"எழுபத்தஞ்சு வரட்டும். அன்னிக்குக் காலைலயும் இந்த நாற்காலில உக்காந்து எழுந்திருப்பேன். எழ முடியலன்னா உனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்."

"சொல்லுவியா?"

"சொல்லுவேன்டா."

ஷாரோனும் அவருக்கு எந்த வாக்குறுதியும் கொடுத்ததில்லை. பக்கவாதம் இன்னொரு முறை தாக்கலாம், உங்கள் முழங்காலும் போகலாம், செய்கிறவரைக்கும் இருக்கும், நிறுத்தினால் வேகமாகப் போகும் என்றுதான் சொல்லியிருந்தாள். மகன் கேட்டபோது இதை அவர் அப்படியே சொன்னார். கலைவாணன் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

பங்குனி பிறந்தபோது முழங்கால் வலி திரும்பியிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பஞ்சாட்சரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, கிருஷ்ணம்மாளை எழுப்பி, தறி தெரிகிற ஜன்னலோரம் உட்கார வைத்தார். அதற்கு முன் அன்று காலையே இரண்டு முறை அவரால் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போயிற்று. தபால் வண்டி வாசலில் நின்றது. கமலவேணி படித்தாள்: தாங்கள் கேட்டபடி பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, மீண்டும் தேவைப்பட்டால் புதிதாக விண்ணப்பித்துக் கடைசியில் காத்திருக்க வேண்டும். இனி பின்னால் ஒரு கதவும் இல்லை. பஞ்சாட்சரம் கடிதத்தை வாங்கி மடித்துவிட்டு, கிருஷ்ணம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, கயிற்றைத் தொடாமல் தறிக்குழியில் இறங்கினார்.

இல்லத்தின் அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 17.03.2025.